ஒரு துளை அதிகம்

தூன் நகரம். ஆரே ஆற்றுக்குப் பின்தெரு.
பட்டறைக் கதவை இரண்டு பக்கமும் திறந்தால்தான்
உள்ளே நுழையும் ஏபிஷரின் ஜீப்.
எண்பது வயது வண்டி. மேலே எதுவும் இல்லை,
வளைந்த இரண்டு கம்பிகளைத் தவிர.

"எல்லாம் அசலாக வேண்டும்" என்றார்
எஞ்சினை நிறுத்துவதற்கு முன்பே,
வட்டியைப் பற்றிக் கேள்விப்படாதவர்போல.
திருகாணிகூட நட்சத்திரத் தலை கூடாதாம்,
ஒற்றைக் கீறல் தலைதான்.
அதில் என் திருப்புளி வழுக்கி
மூன்று தரம் கட்டைவிரலைத் தேடி வந்தது.

முதலில் வளையங்கள்.
பாலம்போல் வளைந்த விரலகல இரும்பு,
காலுக்கு ஒரு திருகாணி,
நடுவே வார் நுழைய ஒரு சந்து.
பார்வைக்கு அற்பம்.
ஒன்று அரை விரற்கடை தப்பினாலும்
படங்கு முழுக்கக் கோணிக்கொள்ளும்,
கலியாணப் படத்தில் ஒருவர் மட்டும்
வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பதுபோல.

வார்கள் பருத்தி, முனையில் பித்தளை.
நிறம் பச்சையுமில்லை மண்ணுமில்லை,
முதல்நாள் கீரைக்கறி.
நனைந்தால் சுருங்கும் என்பதால்
நேற்றே நனைத்துக் கொடியில் போட்டு
ஆளுக்கொரு கல் கட்டித் தொங்கவிட்டிருந்தேன்.
காலையில் அவை என் பேச்சைக் கேட்டன.

இடப்பக்கம், பின்சக்கரத்துக்கு மேலே,
ஒரு துளை அதிகம்.
எட்டு வளையத்துக்குப் பதினாறு.
இது பதினேழாவது. வரைபடத்தில் இல்லை.

ஏபிஷர் குனிந்தார்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார்.
"குண்டு" என்றார்,
பிள்ளை பிறந்த சேதி சொல்லும் குரலில்.
ரைன் கரையிலாக இருக்கும், அல்லது அதற்கும் முன்னால்.
ஏலத்தில் எடுத்து இங்கே கொண்டுவருமுன்
இதற்கு ஒரு போர் இருந்ததல்லவா?
தன் நாட்டில் கிடைக்காத ஒன்றை
வண்டியிடம் கேட்டு வாங்கும் ஆசை.

நான் விரலை விட்டேன்.
குண்டு தகரத்தைத் தள்ளிக்கொண்டு போகும்.
மறுபக்கம் கிழிந்து பல்லாக நிற்கும்.
எட்டு வயதில்
பள்ளிக்கூடத்துத் தண்ணீர்த் தாங்கியில்
ஒவ்வொன்றாக விரல்விட்டு எண்ணினேன்.
ஒன்பதாவது என்னை வெட்டியது.

இது வட்டம்.
உள்விளிம்பில் ஒரு சுருள் பிசிறு, அவ்வளவுதான்.
"ட்ரில்" என்றேன்.
"நிச்சயமாகவா? உங்களுக்கு எப்படித் தெரியும்?"
"ட்ரில்தான் எனக்குச் சோறு போடுகிறது."
அதுவும் உண்மைதானே.

யாரோ ஒருவன், ஏதோ ஒரு கிடங்கில்,
வேலை முடியும் நேரத்து அவசரம்.
நாடா நழுவ, ஓர் அங்குலம் தள்ளித் துளைத்துவிட்டு
அங்குமிங்கும் பார்த்திருப்பான்.
மேலதிகாரி வருமுன் மக்கு அப்பி
மேலே ஒரு கோட் பெயின்ட்.
எண்பது வருடம் அகப்படாமல் இருந்தவனை
மணலடித்து நாங்கள் பிடித்துவிட்டோம்.
அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று.
அந்தப் போரில் அவன் போட்ட ஒரே துளை
இதுவாகவே இருக்கட்டும்.

"அடைக்கவா?"
ஏபிஷர் ஆற்றைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார்.
"இருக்கட்டும், விடுங்கள்."
ஞாயிற்றுக்கிழமை ஊர்வலத்தில்
நண்பர்களிடம் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும்.
சொல்லட்டும்.

படங்கை முன்சட்டத்தில் கொளுவி,
கம்பிகள்மேல் இழுத்து,
இரண்டு பேருமாகப் பின்னால் தொங்கி இறுக்கினோம்.
தட்டினால் தவில்.
ஒரேயொரு வாருக்கு மட்டும் வால் நீளம்.
அதை மடக்கிச் செருகினேன்,
அது திரும்பவும் வெளியே வந்தது.

இங்கே நீசன் என்று ஒரு மலை.
நமக்கு வசைச்சொல், இவர்களுக்குச் செல்லம்.
அது மேகத்தொப்பி போட்டால் வெயில்,
இடையில் மேகவாள் செருகினால் மழை என்பார்கள்.
இன்று வாள்.

பணத்தை எண்ணித் தந்து, கை குலுக்கி,
புதுக் கூரையின் கீழ் ஏறி உட்கார்ந்தார்,
மாப்பிள்ளை முறுக்கோடு.
பாலத்தை எட்டுமுன் பிடித்துக்கொண்டது மழை,
நேராக அல்ல, பக்கவாட்டில்.
அந்த வண்டிக்குக்
கதவே கிடையாது.